சௌந்தரியின் படகுக்காரர்

ஞானசௌந்தரி என்ன தொழில் செய்கிறாள் என்று சேலையூரில் அவள் தெருவில் யாரைக் கேட்டாலும் தப்பாகத்தான் சொல்வார்கள். இஸ்திரி போடுபவர் அவளை ஆடிட்டர் என்று நினைத்துக்கொண்டிருக்கிறார். சர்ச்சில் பாதிப் பேருக்கு அவள் ஞாயிறு பள்ளிப் பிள்ளைகளுக்குக் கதைப்புத்தகம் போடுகிறவள். அவளுடைய பெரியம்மா மகன் ஒருவன், வெளிநாட்டுக்காரர்களோடு சூதாடுகிறாள் என்றே குடும்பம் முழுக்கப் பரப்பிவிட்டான். அவளுக்கு வந்த பகடைப் பார்சலை ஒருநாள் கையெழுத்துப் போட்டு வாங்கியது அவன்தான். அரைகுறைத் தகவல் என்றாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். இருபத்தாறு வருடம் பிழை திருத்திப் பிழைத்தவள் நான். அதனால் நானே எழுதிவிடுகிறேன்.

என் பெயர் அபிதகுஜாம்பாள். ரேஷன் கார்டைத் தவிர வேறெங்கும் அது முழுதாக இருந்ததில்லை, அபிதா என்றால் போதும். நானும் சௌந்தரியும் பல்லாவரத்தில் ஒரு கம்பெனியில் வேலை பார்த்தோம். அமெரிக்காவிலும் இங்கிலாந்திலும் வரும் பாடப்புத்தகங்களைக் கம்ப்யூட்டரில் பக்கம் பக்கமாகக் கட்டி அனுப்புகிற கம்பெனி. அவள் பக்கம் கட்டுவாள், நான் படித்துச் சிவப்பு மையால் கிழிப்பேன். சிவப்பு மையைப் பார்த்து முகம் சுளிக்காத ஒரே ஆள் அவள்தான் என்பதால் சிநேகிதிகள் ஆனோம்.

அந்தக் கம்பெனியில் ஒரு சட்டம் உண்டு. புத்தகத்தில் காப்புரிமை விவரம் அச்சிட்டிருக்கும் பக்கம் வாடிக்கையாளர் தருவது. அதில் ஒரு கமா கோணலாக இருந்தாலும் நாங்கள் தொடக்கூடாது. ஜெர்சன் என்று ஒரு பையன், ஒரு பதிப்பாளரின் விலாசத்திலேயே இருந்த எழுத்துப்பிழையை நல்லெண்ணத்தில் திருத்திவிட்டான். சரியாகத்தான் திருத்தினான். அதற்கு மூன்று நாள் விசாரணை, ஒரு மன்னிப்புக் கடிதம், வேறு பிரிவுக்கு மாற்றல். சரியாகத் திருத்தியதற்குத் தண்டனை வாங்கிய ஒரே மனிதன் உலகத்திலேயே அவனாகத்தான் இருப்பான். அதற்குப் பிறகு அந்தப் பக்கம் வந்தாலே "அது நம்ம பக்கம் இல்லை" என்று சொல்லித் தாண்டிவிடுவோம். கல்யாணப் பத்திரிகையைப் படித்தால்கூடக் கீழே உள்ள அச்சகத்தின் பெயரை என் கண் தாண்டிப் போய்விடும். அப்படி ஊறிப்போன பழக்கம்.

பிறகு கம்பெனி எங்கள் பிரிவை மூடியது. நான் வீட்டிலிருந்தே பிழை திருத்த ஆரம்பித்தேன், சௌந்தரி வீட்டிலிருந்தே பக்கம் கட்ட ஆரம்பித்தாள். அவளுக்கு முதலில் கிடைத்த வேலை ஓர் அமெரிக்கருடையது. நூறு பக்கம், நூறு பிராணிகள், ஒவ்வொன்றுக்கும் கீழே எண்கள் நிறைந்த பட்டியல். விலங்கியல் பாடநூல் என்று நினைத்து, ஒவ்வொரு பிராணிக்கும் அறிவியல் பெயர் விட்டுப்போயிருக்கிறதே என்று இவள் மெயில் போட்டாள். அந்த மனிதர் ஒரு வாரம் சிரித்திருப்பார். பிறகு பொறுமையாக விளக்கினார். இது ஒரு விளையாட்டு. நாலைந்து பேர் மேஜையைச் சுற்றி உட்காருவார்கள். ஒருவர் கதையை நடத்துவார், மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரம். "நீ காட்டில் நிற்கிறாய், புதரில் சத்தம், என்ன செய்கிறாய்?" என்று நடத்துபவர் கேட்பார். செய்வதைச் சொல்ல வேண்டும். பலிக்குமா பலிக்காதா என்பதைப் பகடை சொல்லும்.

விளையாட்டின் விதிகளைச் செய்வது ஒரு பெரிய கம்பெனி. அந்த விதிகளுக்குப் பொருந்துகிற மாதிரி கதையும் ஊரும் பிராணியும் எழுதி விற்பவர்கள் உலகம் முழுக்கச் சின்னச் சின்ன ஆட்கள். குக்கரை ஒருத்தர் செய்வார், அதற்கு கேஸ்கெட் பத்துப் பேர் செய்வார்கள் இல்லையா, அந்த மாதிரி. இவர்களை மூன்றாம் தரப்புப் பதிப்பாளர்கள் என்பார்கள். சௌந்தரியும் சில வருடத்தில் அப்படி ஒருத்தி ஆனாள். இதை அவள் கணவர் ஜெபராஜிடம் சொன்னபோது நான் பக்கத்தில் இருந்தேன். அவர் மாநகரப் பேருந்து ஓட்டுநர்.

"தேர்ட் பார்ட்டியா? அப்போ மோதினா மட்டும்தான் உன்னக் கூப்புடுவாங்க" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து சாப்பாட்டுக்குப் பிறகு அவள் வீட்டில் விளையாடிப் பார்ப்போம். விற்பதற்கு முன்னால் விளையாடிச் சோதிக்காமல் அந்தத் தொழிலில் எதையும் வெளியிடமாட்டார்கள். ஏர்போர்ட் சரக்கு ஆபீஸில் வேலை பார்க்கும் ஜெயகிருஷ்ணன், பள்ளிக்கூட டீச்சர் ஹெப்சி, அப்புறம் நான். தப்புக் கண்டுபிடிக்கத்தான் போனேன். ஐம்பத்திரண்டு வயதில் கோடாலி வீராங்கனை ஆகிவிட்டேன். நன்றாகத்தான் இருந்தது, பொய் சொல்வானேன்.

ஜெபராஜ் அண்ணா மட்டும் மேஜைக்கு வந்ததே இல்லை. வாசலில் உட்கார்ந்து ஏதாவது பழைய சாமானைக் கழற்றிக்கொண்டிருப்பார்.

நாலு வருடத்துக்கு முன் ஒரு செவ்வாய்க்கிழமை காலை, வேளச்சேரியிலிருந்து தாம்பரம் வரும் பஸ்ஸை அவர் ஓட்டிக்கொண்டிருந்தபோது, பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தை ஒட்டி அவருக்கு மாரடைப்பு வந்தது. உட்கார இடமில்லாமல் ஜனம் நின்றுகொண்டிருந்த நேரம். பஸ்ஸை ஓரங்கட்டி நிறுத்திவிட்டு ஸ்டியரிங் மேல் சாய்ந்துவிட்டார். ஒருவருக்கும் ஒரு கீறல் இல்லை. பின்சீட்டில் இருந்தவர்கள் சிக்னல் என்று நினைத்தார்களாம். பிழைத்து வந்தார். இப்போது டிப்போவில் உட்கார்ந்து பார்க்கும் வேலை. அன்றைக்கு என்ன நடந்தது என்று யார் கேட்டாலும் "பஸ்ஸு நின்னுச்சு, அவ்ளோதான்" என்று முடித்துவிடுவார்.

அவர் ஆஸ்பத்திரியில் கிடந்த பதினோரு நாளில் சௌந்தரி எழுதியதுதான் 'நாணற்கரை'. ஆங்கிலப் புத்தகம்தான், பெயர் மட்டும் தமிழ். ஒரு பெரிய சதுப்பு நிலம், நடுவே தீவுகள், தீவுக்குத் தீவு மனிதர்கள். அந்த நீரில் படகு விடுகிறவர் பெயர் தொம்மை. படகில் ஏறுகிறவர்களை "உள்ள போ, உள்ள போ" என்று விரட்டுவார். குறுக்கே வரும் நாரைகளை டூவீலர்காரனைத் திட்டுகிற மாதிரி திட்டுவார். சில்லறை இல்லை என்றால் இறக்கிவிட்டுவிடுவார். படித்ததும் எனக்கு ஆளைத் தெரிந்துவிட்டது. கரையில் தொம்மையின் மனைவி ஒரு விளக்கு ஏற்றி வைப்பாள், எந்த ஆபத்திலும் தொம்மையின் கண் அந்த விளக்கைத்தான் தேடும் என்று ஒரு வரி வரும். வாசகர்கள் நானூறு பேர்தான் இருப்பார்கள். அதில் எழுதிப் பாராட்டியவர்கள் எல்லாரும் அந்த வரியைத்தான் பாராட்டினார்கள். சௌந்தரிக்கும் அதில் கொஞ்சம் கர்வம் உண்டு.

போன வருடம் ஆகஸ்டில் அமெரிக்காவின் ஓஹையோவிலிருந்து அவளுக்கு ஒரு மெயில் வந்தது. அனுப்பியவர் அவளைவிடப் பெரிய மூன்றாம் தரப்புக்காரர். கெட்டி அட்டை, வண்ணப்படங்கள், பத்தாயிரம் பிரதி. 'நாணற்கரை'யை ஆஹா ஓஹோ என்று புகழ்ந்திருந்தார். "எல்லோரும் தங்கள் ஊர்களையும் மனிதர்களையும் பத்திரமாகப் பூட்டி வைத்துக்கொள்கிறார்கள். நீங்கள் ஒருவர்தான் பெரிய மனதோடு அனைத்தையும் திறந்து வைத்திருக்கிறீர்கள். எங்கள் அடுத்த புத்தகத்தில் தொம்மை வருகிறார். சட்டப்படி கேட்கத் தேவையில்லை, ஆனாலும் மரியாதைக்குச் சொல்கிறோம்" என்று எழுதி, மூன்றாம் அத்தியாயத்தையும் இணைத்திருந்தார்.

சௌந்தரி எனக்கு போன் செய்தாள். குரலே சரியில்லை.

"அபிதா, நம்ம புக்கோட கடைசிப் பக்கத்தை எடுத்துப் பாரேன்."

"ஏன், என்ன?"

"பாரு, சொல்றேன்."

பார்த்தேன். இந்தத் தொழிலில் ஒவ்வொரு புத்தகத்தின் கடைசியிலும் ஓர் அனுமதிப் பக்கம் இருக்கும். பெரிய கம்பெனியின் விதிகளைப் பயன்படுத்த அனுமதி உண்டு, அதற்குப் பதிலாக நீயும் உன் புத்தகத்தில் எதையெல்லாம் மற்றவர்கள் எடுத்துக்கொள்ளலாம், எது உனக்கு மட்டும் சொந்தம் என்று அதில் அறிவிக்க வேண்டும். எல்லாரும் எண்களைத் திறந்து விடுவார்கள், பெயர்களையும் மனிதர்களையும் தனக்கென்று வைத்துக்கொள்வார்கள். எங்கள் பக்கத்தில், "இந்நூலில் உள்ள அனைத்தும், பெயர்கள் உட்பட, எவரும் பயன்படுத்தத் திறந்தவை" என்று இருந்தது. அது நாங்கள் எழுதிய வாக்கியம் இல்லை. அந்த நூறு பிராணிக்காரரின் புத்தகத்தில் இருந்தது. சௌந்தரி அந்தப் பக்கத்தை அப்படியே எடுத்து ஒட்டிவிட்டாள். எழுத்தின் அளவைக்கூட மாற்றவில்லை.

"அதைத் தொடணும்னே எனக்குத் தோணலை அபிதா. பத்தொம்பது வருஷம் தொடாதே தொடாதேன்னு சொல்லிச் சொல்லி, சொந்த புக்குல கூடக் கை போகலை."

அவளைத் திட்ட வாய் வரவில்லை. நூற்று இருபது பக்கமும் வரிக்கு வரி படித்தவள் நான். அந்தப் பக்கம் வந்ததும் "நம்ம பக்கம் இல்லை" என்று மூடி வைத்தவளும் நான்தான். என்மேலேயே எனக்கு வந்த கோபத்தில் அன்றைக்குச் சமைக்கவே இல்லை, என் வீட்டுக்காரர் ஓட்டலுக்குப் போனார்.

அந்த மூன்றாம் அத்தியாயத்தைப் படித்தபோதுதான் விஷயம் என்னவென்று முழுதாகப் புரிந்தது. பத்தொன்பது பயணிகளோடு போகும்போது நடு நீரில் தொம்மைக்கு நெஞ்சு பிடிக்கிறது. சாவதற்கு முன் மனைவியைப் பார்க்க வேண்டும் என்ற ஆசையில் விளக்கை நோக்கிப் படகைத் திருப்புகிறார். வழியில் நீருக்குள் ஒரு மரம். படகு கவிழ்ந்து பத்தொன்பது பேரும் முழுகுகிறார்கள். அவர்கள் ஏன் செத்தார்கள் என்று துப்புத் துலக்க வீரர்கள் வருவதிலிருந்து அவருடைய கதை ஆரம்பம். நன்றாகவே எழுதியிருந்தார், அதுதான் வயிற்றெரிச்சல். சௌந்தரியின் வரியை அவர் தப்பாகப் படிக்கவில்லை. எந்த ஆபத்திலும் கண் விளக்கைத் தேடும் என்றால், மனுஷன் அந்தப் பக்கம்தானே திரும்புவான்?

"நானூறு பேருக்குத்தான் என் தொம்மையைத் தெரியும்" என்றாள் சௌந்தரி. "இனிமே பத்தாயிரம் பேருக்கு தொம்மைன்னா யாரு? பொண்டாட்டியப் பாக்கறதுக்காகப் பத்தொம்பது பேரைக் கொன்ன ஆளு. அதைத் திருத்தவே முடியாது."

அவளுக்கு அது வெறும் பாத்திரம் இல்லை. ஆஸ்பத்திரியில் ஜெபராஜ் கண் விழித்த அன்றைக்கு அவள் அவர் கையைப் பிடித்துக்கொண்டு, "அந்த நேரத்துல என்னை நெனச்சீங்களா?" என்று கேட்டாளாம். "உன்னைத்தான்" என்றாராம். அந்த ஒரு வார்த்தையைத்தான் விளக்காக ஏற்றி வைத்திருந்தாள். இதை அவள் என்னிடம் சொன்னதே அன்றைக்குத்தான்.

வக்கீலைப் பார்ப்போம் என்று நான் குதித்தேன். ஜெயகிருஷ்ணன் நிதானமான மனிதர், சரக்கு ரசீதுகளோடு வாழ்கிறவர். அந்த அனுமதியை நாலு தடவை படித்துவிட்டு, "திறந்தது திறந்ததுதான் மேடம். திரும்பப் பூட்டறதுக்கு இதுல வழியே இல்லை. ஆனா கேட்டுப் பாக்கலாம், தப்பில்லையே" என்றார்.

கேட்பது என்றால் உண்மையைச் சொல்ல வேண்டும். பெரிய மனதெல்லாம் இல்லை ஐயா, கவனப்பிசகு என்று எழுத வேண்டும். பக்கம் கட்டுவதையே தொழிலாக வைத்திருப்பவள், தன் புத்தகத்தில் ஒரு பக்கத்தைப் பார்க்கவே இல்லை என்று வாடிக்கையாளர்கள் இருக்கும் உலகத்தில் ஒப்புக்கொள்ள வேண்டும். சௌந்தரி ஒரு நாள் முழுக்க யோசித்தாள். மறுநாள் எழுதினாள், நான் படித்துப் பார்த்தேன். தொம்மை சாகட்டும், படகு மட்டும் கவிழ வேண்டாம் என்பதுதான் அவள் கேட்டது.

ஓஹையோக்காரர் நல்ல மனிதர். அன்றே பதில் போட்டார். மனமார வருந்தினார். ஆனால் புத்தகம் அச்சுக்குப் போய்விட்டது, அட்டை கட்டுகிறார்கள், இனி ஒன்றும் செய்வதற்கில்லை. கடைசியில் ஒரு வரி சேர்த்திருந்தார். உங்கள் கதையிலிருந்து நான் எடுத்து எழுதியதால் அனுமதியின்படி என் அத்தியாயமும் திறந்ததுதான், நீங்கள் அதை எடுத்து என்ன வேண்டுமானாலும் எழுதலாம், நான் அதைப் பற்றி எல்லாருக்கும் சொல்கிறேன் என்று.

ஜெபராஜ் அண்ணாவிடம் இதை எப்படிச் சொல்வது என்று சௌந்தரி தவித்தாள். அந்த வெள்ளிக்கிழமை அவர் பல்லாவரம் சந்தையில் ஒரு பழைய டேபிள் ஃபேனை வாங்கி வந்து கழற்றிக்கொண்டிருந்தார். நானும் இருந்தேன். விளக்கு விஷயத்தை விட்டுவிட்டு மற்றதைச் சொன்னாள். யாரோ ஓர் அமெரிக்கர் தன் தொம்மையை எடுத்துக்கொண்டதையும், அவருக்கு நெஞ்சுவலி வருவதையும், படகு கவிழ்வதையும்.

அவர் ஃபேனைப் பார்த்துக்கொண்டே கேட்டார்.

"செத்தா சாவட்டும் வுடு. எல்லாரும் ஒருநா போறவங்கதான். அந்த போட்டு ஏன் கவுந்துச்சு?"

"அவர் கதைக்கு அது வேணுமாம்."

"பத்தொம்பது பேரு உள்ள குந்திகினு கீறாங்க. ஓட்றவன் செத்தா வண்டி கவுந்துடுமா? இன்னா வேலை தெரிஞ்ச ஆளு அவன்?"

ஸ்க்ரூ டிரைவரைக் கீழே போட்டுவிட்டு, ஊற்றி வைத்த டீயைக் குடிக்காமல் வெளியே போய்விட்டார். அவரை அவ்வளவு கோபத்தில் நான் பார்த்ததில்லை.

சௌந்தரி எழுத உட்கார்ந்தாள். பதினாறு பக்கத்தில் ஒரு சின்ன ஆட்டம். அமெரிக்கர் புத்தகத்தில் படகு கவிழ்வதற்குச் சற்று முன்னால் தொடங்கும். விளையாடுகிறவர்களில் ஒருவர் தொம்மை, மற்றவர்கள் பயணிகள். நெஞ்சு பிடித்த பிறகும் பத்தொன்பது பேரையும் கரை சேர்க்க வேண்டும். முடித்ததும் இலவசமாகவே வெளியிடுவது, அந்தப் பத்தாயிரம் பேரில் எத்தனை பேர் எடுத்துக்கொள்கிறார்களோ எடுத்துக்கொள்ளட்டும் என்பது அவள் திட்டம்.

ஆனால் சோதனையில் ஆட்டம் தேறவில்லை. முதல் ஞாயிறு ஜெயகிருஷ்ணன் தொம்மையாக உட்கார்ந்தார். படகு கவிழ்ந்தது. அடுத்த ஞாயிறு ஹெப்சி. மறுபடியும் கவிழ்ந்தது. பகடையைக் குறை சொல்ல முடியாது. நெஞ்சு பிடித்ததும் சௌந்தரி அந்த வரியைப் படிப்பாள்: கரையில் உன் மனைவியின் விளக்கு தெரிகிறது. கேட்டதும் இரண்டு பேருமே உருகிப்போய் விளக்கை நோக்கித் திருப்பினார்கள். அங்கேதான் மரம்.

"அந்த வரியை எடுத்துடு" என்றேன் நான்.

"முடியாது. அதுதான் தொம்மை" என்றாள். இத்தனை வருடத்தில் என் சிவப்பு மைக்கு அவள் மறுப்புச் சொன்னது அந்த ஒரு தடவைதான்.

மூன்றாவது ஞாயிறு, சாப்பிட்டு முடித்து நாங்கள் மேஜையைச் சுற்றி உட்கார்ந்தபோது, ஜெபராஜ் அண்ணா கையைத் துடைத்துக்கொண்டே வந்து ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டார்.

"நான் ஓட்றேன்" என்றார்.

ஹெப்சி பகடைகளை அவர் பக்கம் நகர்த்தினாள். அவர் அதைத் தொடவில்லை. சௌந்தரி தாளைப் பார்த்துப் படிக்க ஆரம்பித்தாள். ஆங்கிலத்தில் இருந்ததை அவருக்காகத் தமிழில் சொல்லிக்கொண்டே போனாள்.

"நடுத் தண்ணி. பத்தொம்பது பேர் இருக்காங்க. இடது கை மரத்துப் போகுது. நெஞ்சு பிடிக்குது. தூரத்துல கரையில உங்க பெண்டாட்டியோட விளக்கு தெரியுது. என்ன செய்றீங்க?"

"இன்னா விளக்கு?"

"அவ ஏத்தி வச்சது. தினம் ஏத்தி வைப்பா. இவரு அதைத்தான் பார்ப்பாரு."

"அத ஏன் பாக்கணும்?"

"சாகப்போறோம்னு தெரியுது இல்ல. பாக்கமாட்டாரா?"

"மாட்டாரு."

சௌந்தரி தாளைக் கீழே வைத்தாள். அவர் மேஜையைப் பார்த்துக்கொண்டு பேசினார்.

"அன்னிக்கு நான் உன்ன நெனக்கல, சௌந்தரி. ஆஸ்பத்திரில நீ கேட்டே. உன்னைத்தான்னு சொன்னேன். அது பொய். எப்டி சொல்றது, நீ ராவும் பகலும் கண்ணு முழிச்சிகினு கீற, உன்ன நெனக்கவே இல்லன்னு எப்டி சொல்றது? முன்னாடி ஒரு ஸ்கூல் வேன் போய்கினு இருந்துச்சு. பக்கத்துல ஒரு தாத்தா டிவிஎஸ்ல. உள்ள இருக்கறவன்லாம் நின்னுகினு கீறான். எடப்பக்கம் மண்ணு கீது, அங்க ஏத்துனா சரியாது. இதான் ஓடிச்சு மண்டைல. உன் பேரே வரல. மூணு வருசமா அது எனக்கு உள்ளயே குடையுது. பொண்டாட்டி மூஞ்சி கூட வரலியே, இன்னா மனுசன் நீன்னு."

ஜெயகிருஷ்ணன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டிருந்தார். நாங்கள் மூன்று பேரும் எழுந்து வெளியே போய்விடலாமா என்றுகூட நினைத்தேன், ஆனால் எழ முடியவில்லை.

சௌந்தரி அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். அழுகிறாளா என்று பார்த்தேன், இல்லை.

"நல்லவேளை நெனக்கலை" என்றாள். "நெனச்சிருந்தா வண்டியை நேரா வீட்டுக்கு விட்டிருப்பீங்க. இதோ இவங்க ரெண்டு பேரும் ரெண்டு ஞாயித்துக்கிழமையா அதைத்தான் செஞ்சுக்கிட்டிருக்காங்க."

அவர் நிமிர்ந்து பார்த்தார். தான் சொன்னதற்கு இப்படி ஒரு பதில் வரும் என்று அந்த மனிதர் மூன்று வருடத்தில் ஒருநாளும் எதிர்பார்த்திருக்கமாட்டார்.

சௌந்தரி தாளை மறுபடி எடுத்தாள். ஆட்டம் நடத்துகிறவர்களுக்கே உரிய குரலில் கேட்டாள்.

"சரி, ஓரம் கட்டியாச்சு. எல்லாரும் பத்திரம். அப்புறம் என்ன செஞ்சீங்க?"

அவர் கொஞ்சம் யோசித்தார்.

"ஹேண்ட் பிரேக் போட்டுட்டு உன்ன நெனச்சிக்கலாம்னு இருந்தேன்" என்றார். "அதுக்குள்ள மயக்கம் வந்துடுச்சு."

அப்போதுதான் அவள் அழுதாள். சிரித்துக்கொண்டே அழுதாள், முந்தானையை எடுக்கக்கூட மறந்துபோய். அவர் பகடைகளை ஒவ்வொன்றாக நகர்த்தி வைத்துக்கொண்டிருந்தார். கொஞ்ச நேரம் கழித்து என் கையிலிருந்த சிவப்புப் பேனாவைக் கேட்டு வாங்கி, விளக்கு இருந்த வரியை அவளே அடித்தாள்.